துணைக்கு வந்தவள்

இந்த ஆடிக்கு அம்மாவுக்கு எண்ணும் பொறி ஒன்று வாங்கிக்கொடுத்தேன். மோதிரம்போல விரலில் மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினால் ஒவ்வொன்றாகக் கூடும். கோயிலில் ஆடிச்சுற்று சுற்றுகிற பெண்கள் பலர் விரலில் இப்போது இதுதான். அம்மா ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். "இனி துணைக்கு ஆளு வேண்டாங்குத, அப்படித்தான?" என்று சொல்லி விளக்கு மாடத்தில் வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எதற்கெடுத்தாலும் அகராதியைத் தூக்கும் கெட்ட பழக்கம் அதனால் வந்தது. துணை என்ற சொல்லைத் தேடினேன். உதவி, இணை, இரட்டை என்று போய்க்கொண்டிருந்தது. அளவு என்றும் ஒரு பொருள். எத்துணை என்கிறோமே, அது. இணையும் அளவும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து குடியேறின, எது முதலில் வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் எனக்கு மட்டும் புளியங்கொட்டை வாசனை அடித்தது.

ஆடித் தபசுக்கு முன்னால் கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு கோயிலை நூற்றெட்டு முறை சுற்றுவது ஊர் அறிந்ததுதான். எங்கள் தெருவில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்துகொண்டவள் எண்ணக்கூடாது, அவள் மனசு அம்மனிடம் இருக்கவேண்டும். எண்ணுவது துணைக்கு வருகிறவள் வேலை. அவள் தனக்கென்று எதுவும் கேட்கவும் கூடாது.

அம்மாவுக்குத் துணை பேச்சியம்மா அத்தை. இருவரும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் ஊடைநூலைத் தாராகச் சுற்றியவர்கள். அத்தை முந்தியில் நூற்றெட்டுப் புளியங்கொட்டைகளை முடிந்துகொண்டு வருவாள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை மஞ்சப்பைக்குப் போகும். வாய் மட்டும் ஓயாது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் எனக்கும் தறிக்கூடம்தான் என்றிருந்தது. அம்மா நேர்ந்துகொண்டாள். நின்று நின்று வேலை செய்த கால் வீங்கிக் கிடந்தது.

"மதினி, காலப் பாருங்க, பூசணிக்கா கணக்கா இருக்கு. செத்த உக்காருங்க."

"பேசாம வாட்டி. எத்தன ஆச்சு?"

"நேந்தவ கேக்கக்கூடாதுல்லா?"

இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் நான் கோயிலுக்குப் போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை, "முடிஞ்சிட்டு மதினி" என்றாள்.

"அதுக்குள்ளயா?"

"பேசிக்கிட்டே நடந்தா தெரியுமாக்கும்? உக்காருங்க, பூ வாங்கிட்டு வாரேன்."

அம்மா தூணில் சாய்ந்தாள். நான் அத்தை பின்னால் போனேன். அவள் பூக்கடைப் பக்கம் போகவில்லை. மறுபடி பிரகாரத்துக்குள் திரும்பினாள். முந்தி முடிச்சு இன்னும் கனமாகத் தொங்கியது.

"என்ன அத்த, முடிஞ்சிட்டுன்னு சொன்னீங்க?"

"ஏலே, ஒங்கம்மைட்ட மூச்சு விட்டுராத. மிச்சத்த நான் சுத்துதேன்."

"சாமி ஒத்துக்கிடுமா?"

"இந்தக் கோயில் சாமியே பாதி சிவனும் பாதி பெருமாளுமா ஒட்டிக்கிட்டு நிக்கி. யாரு பாதிய யாரு சுத்துனான்னு அது கேக்குமாக்கும்? காலேசுக்குப் போறவன் கேக்குத கேள்வியப் பாரு. சும்மா நிக்காம கூட வா."

கூடவே நடந்தேன். கல் தரை சுட்டது. பேச்சியம்மா அத்தை பேசாமல் நடந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கடைசிக் கொட்டையும் பைக்குள் விழுந்த பிறகுதான் பூ வாங்கினாள்.

இடம் கிடைத்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன பங்குனியில் அத்தை இறந்துபோனாள். தறிக்கூடத்தை இடித்து மண்டபம் கட்டிவிட்டார்கள். புளியங்கொட்டை முடிந்துகொண்டு வருகிறவர்கள் எங்கள் தெருவில் இப்போது யாரும் இல்லை.

இன்று காலை அம்மா சுற்றுக்குக் கிளம்பும்போது அந்தப் பொறியை மறுபடி நீட்டினேன். "தனியாப் போறீங்க, கணக்கு தப்பிரும்லா?"

"தப்புனா தப்பட்டும்." அம்மா கொண்டையை முடிந்துகொண்டே சொன்னாள்: "ஒனக்கு சீட்டு கேட்டு சுத்துனமே, அன்னைக்கு முடிஞ்சிட்டுன்னு சொன்னாள்லா பேச்சி. முந்தில முடிச்சு அப்படியே தொங்குச்சு. நான் பாத்துட்டுதாம்ல உக்காந்தேன்."



அம்மா என் கையிலிருந்த பொறியைப் பார்த்தாள். "இதுக்கு அப்படி ஒரு பொய் சொல்லத் தெரியுமாலே?"

எண்ணிச் சொல்ல ஆளில்லாமல், தெருவில் தனியாக இறங்கி நடந்தாள்.