ஆவி அக்கா

அந்த ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு தடவையாவது திடுக்கிட்டுப் போவார்கள். "இப்ப கீழே போகாதீங்க, ஆவி அக்கா கோபமா இருக்காங்க" என்று யாராவது சொல்லிவைப்பார்கள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தால், குட்டையாக, கண்ணாடி போட்ட ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருத்தி வேர்த்து வழிய நின்றுகொண்டிருப்பாள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் கத்தரி, இடுக்கி, துணி, பஞ்சு எல்லாவற்றையும் மூடி போட்ட எஃகு டிரம்களில் அடுக்கி, பெரிய இயந்திரத்துக்குள் தள்ளி, நீராவியில் கிருமி போக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே அறை, அதே சூடு. அவளுடைய சபையின் பாஸ்டரே ஒருமுறை, "நாங்கல்லாம் ஆவியில நிரம்பணும்னு ஜெபம் பண்றோம். நீங்க தினமும் அதுக்குள்ளயே நிக்கிறீங்க" என்று கேலி செய்திருக்கிறார்.

அவள் கணவர் தையற்கடையில் துணி வெட்டுபவர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டு பேர், இரண்டு அறை, ஒரு கட்டில், கதவு நசுங்கிய ஒரு பீரோ. ஒருநாள் தங்கை வந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க திருடன் வந்தா பாவப்பட்டு அவனே எதையாவது வச்சுட்டுப் போவான்" என்றாள். "நாற்காலியா வச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார் கணவர். வாங்க முடியாமல் இல்லை. கல்யாணமான புதிதில் இருவரும் பேசி வைத்துக்கொண்டதுதான்: இல்லாமல் முடியாது என்று தோன்றுகிறதை மட்டும் வாங்குவது, மீதியை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. வேலையிலும் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு: கர்த்தராகிய இயேசு ஊர் ஊராகப் போதிக்கக் கிளம்புமுன் தச்சு வேலைதான் செய்தார்; அவர் செய்த பெஞ்சில் ஒரு கால் குட்டையாக இருந்திருக்காது. இது அவளுடைய நம்பிக்கை. இதற்கு மேல் பெரிய வேத ஞானம் எதையும் அவள் காட்டிக்கொண்டதில்லை.

ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு காகிதப் பட்டை வைப்பார்கள். நீராவி சரியாகப் போயிருந்தால் அதிலுள்ள வெள்ளைக் கோடு கறுத்துவிடும். இயந்திரம் நின்றதும் மூடியைத் திறந்து, பட்டையைப் பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு முழங்கால் வலி தாங்கவில்லை. கடைசியாக எடுத்த ஏழு டிரம்களையும் திறக்காமலே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் கோடு வெளுத்திருந்ததில்லை. அன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது?

திங்கட்கிழமை காலை இயந்திரம் நின்றதும் முதல் டிரம்மைத் திறந்தாள். கோடு பாதிதான் கறுத்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. இயந்திரத்தின் கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் தேய்ந்து ஒரு பக்கம் ஆவி கசிந்துகொண்டிருந்தது. ரப்பரை மாற்றச் சொல்லி எட்டு மாதமாக மூன்று கடிதம் போயிருந்தது, பதில்தான் வரவில்லை. சனிக்கிழமை அனுப்பிய ஏழும் இதே இயந்திரத்திலிருந்து எடுத்தவைதான். ஆறு டிரம் இன்னும் தியேட்டர் அலமாரியில் இருந்தது. ஒன்றை மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஓர் அவசர ஆபரேஷனுக்கு எடுத்திருந்தார்கள்; அதன் கோடு கறுத்திருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, திறந்ததும் பட்டையைப் பார்க்காமலே குப்பையில் போட்டுவிடுவார்கள்.

அவள் நேராகப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். சிஸ்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்த ஆறையும் திரும்ப எடுத்துக்கலாம். கதவு கசியுதுன்னு சொல்லிடலாம். நீங்க திறந்து பாக்கலைங்கிறத ஏன் சொல்லணும்?"

"ஞாயித்துக்கிழமை ஒரு கேஸ் முடிஞ்சிருக்கே சிஸ்டர்."

"அந்தம்மா நல்லாத்தான் இருக்காங்க."

"நாளைக்குக் காய்ச்சல் வந்தா? டாக்டருக்குக் காரணம் தெரியணும்ல."

சிஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்த ரிஜிஸ்டரில் இரண்டாவது கையெழுத்து அவளுடையது. அவளும் பார்க்காமல்தான் போட்டிருந்தாள். சிஸ்டருக்குப் பெரிய வீடு, கார், வெளியூரில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். "என்னையும் சேத்து இழுக்காதீங்கக்கா" என்றாள்.

"நான் என் கையெழுத்தப் பத்தி மட்டும்தான் சிஸ்டர் பேசுவேன்."

தியேட்டர் இரண்டாவது மாடியில். லிஃப்டில் கூட்டமாக இருந்ததால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். தலைமை டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குழாயை மூடவே இல்லை. பிறகு அன்றைய ஆபரேஷன் நான்கையும் நிறுத்தச் சொன்னார். அவளைப் பார்த்து, "இதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமாம்மா? மூடியத் திறந்து பாக்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அன்று மத்தியானம் அந்த நோயாளி இருந்த வார்டுக்குப் போனாள். குடல்வால் எடுத்த பெண், சின்ன வயது. கட்டிலருகே அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஏற்கெனவே மருந்தைக் கூட்டியிருந்தார். இன்னும் மூன்று நாள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். காரணத்தை இவள் சொன்னாள். கணவன் எழுந்து நின்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண் கத்தவில்லை.

"ஏம்மா வந்து சொன்னீங்க? தெரியாம இருந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

"மன்னிச்சிடும்மா" என்றாள். மன்னித்தேன் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "வேலை போயிடும்போல இருக்குங்க."

அவர் அவளைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். "கால் வலின்னா அன்னைக்கே லீவு போட்டிருக்கலாம்ல" என்றார். தைலத்தை எடுத்து வந்து அவள் முழங்காலில் தேய்க்க ஆரம்பித்தார். "போனாப் போகுது. நான் வெட்டுற துணியில ரெண்டு பேர் சாப்பிடலாம்."

வேலை போகவில்லை. மெமோ கொடுத்தார்கள். கிருமி நீக்கும் பிரிவிலிருந்து எடுத்து, படுக்கைத்துணி மடிக்கும் இடத்தில் போட்டார்கள். சம்பளமும் கொஞ்சம் இறங்கியது. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வரவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போனாள். போகும்போது துணி மடிக்கும் அறையைத் தாண்டித்தான் போனாள், உள்ளே பார்க்கவில்லை. இயந்திரக் கதவின் ரப்பரை அந்த வாரமே மாற்றினார்கள். எட்டு மாதம் நகராத காகிதம் நாலே நாளில் எப்படிக் கால் முளைத்து ஓடியது என்று கீழே வெகுநாள் பேசிச் சிரித்தார்கள்.

துணி மடிப்பதிலும் அவள் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்தான் மடித்தாள். கிழிந்ததைத் தனியே எடுத்துத் தைத்தாள். அங்கே ஆவி இல்லாவிட்டாலும் பேர் மட்டும் போகவில்லை. ஒன்றேகால் வருஷம் கழித்து, அவள் இடத்துக்கு வந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டதால், அவளையே திரும்பக் கூப்பிட்டார்கள். தலைமை டாக்டர்தான் கேட்டாராம். அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமலிருந்த இன்சார்ஜ் சிஸ்டர், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள். பாதி சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு உங்களுக்குப் பயமாவே இல்லையா?"

"ஐயோ, படியேறும்போது கால் வெடவெடன்னு ஆடுச்சு சிஸ்டர். வலியில ஆடுதா பயத்துல ஆடுதான்னே தெரியல."

"அப்புறம் எப்படிப் போனீங்க?"

அவள் யோசித்தாள். "வேலை போனாலும் எங்க வீட்ல குறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டப்பாவில் மிச்சமிருந்ததைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டு, "எங்க வீட்ல குறைக்கணும்னா எதுல கை வைக்கிறதுன்னே தெரியாது" என்றாள்.

இயந்திரம் மணியடித்தது. இருவரும் எழுந்தார்கள். அவள் மூடிகளைத் திறந்து பட்டைகளை ஒவ்வொன்றாக நீட்ட, சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.