நாத்தனாரின் கண்ணாடி டம்ளர்

எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்களுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கிறது. டீக்கடையில் கொடுப்பார்களே, பக்கவாட்டில் கோடு கோடாக, அடி கனமாக, அந்த மாதிரி. விளிம்பில் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. "இதைத் தூக்கிப் போடேன்மா, யாராவது உதட்டைக் கிழிச்சுக்கப் போறாங்க" என்று என் மகள் ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு ஒழிக்கும்போது சொல்வாள். நானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். அதில் யாரும் எதுவும் குடிப்பதில்லை. ஆனால் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் இப்போதும் எனக்கு அந்த எண்ணெய் மருந்தின் வாடை வருகிறது. மகளுக்கு வரவில்லையாம். வராது, அவள் அதைக் கலக்கியவள் இல்லை.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் மண்ணூரில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கேயே இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. இப்போது போல அன்றைக்கு வரிசையாகக் கம்பெனிகளும் ஷிப்ட் பஸ்களும் கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகர ஷெட்டுகள்தான், மிச்சமெல்லாம் வயல். காலையில் அவர் முகம் வீங்கியிருக்கும். ஓ.டி. பார்த்துத் தூக்கம் கெட்டதால் என்பார், நானும் நம்பினேன். பிறகு கால் வீங்கியது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே போன பிறகுதான் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று தெரிந்தது. அவருக்கு முப்பத்திரண்டு வயது, மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்காக வாரம் தவறாமல் பஸ் பிடித்துப் பட்டணம் போனோம். போகும்போது அவர் என் தோளில் சாய்ந்துகொள்வார், வரும்போது நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவேன். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு மனிதன் ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். மெஷின் காலத்துக்கும் கைகொடுக்காது, வேறு சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பார் என்று பெரிய டாக்டர் சொன்னார். சட்டதிட்டமெல்லாம் பிற்பாடு வந்தவை. அன்றைக்கு ஆஸ்பத்திரிகளின் வாசலில் புரோக்கர்களே நின்றார்கள், ஏழைபாழைகளைக் காட்டி விலை பேசினார்கள், எங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. என் ரத்தமோ அவருக்குச் சேரவில்லை. சேர்ந்தது அவருடைய அக்காவின் ரத்தம் மட்டும்தான். அதாவது என் நாத்தனார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைப்பாக்கத்தில் வாக்கப்பட்டவர். கழனி வேலை, மாடு, நாலு பேர் பயப்படும் வாய். ஆடி மாதம் தவறாமல் அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பார். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுத் தாம்பூலத் தட்டில் ஏதோ குறைந்துவிட்டது என்று ஆரம்பித்த சண்டையை அவர் விடவே இல்லை, நானும் விடவில்லை. எனக்கு அவர் அண்ணி முறை. "அண்ணி" என்று நான் கூப்பிட்டால் மாட்டைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார். அப்படிப்பட்டவர் விஷயம் கேள்விப்பட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, "எங்கிட்டருந்து எடுத்துக்கோங்க" என்றார். ஊரில் பேசாத பேச்சில்லை. பொம்பளை வயிற்றைக் கிழித்து ஆம்பளைக்கு வைப்பதா, நாளைக்கு அவள் குனிந்து நாற்று நட முடியுமா என்றார்கள். அவர் வீட்டுக்காரர், "குடுக்கறவ அவ. நான் இன்னாத்த சொல்றது" என்று கையெழுத்துப் போட்டார். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது அண்ணி என்னைக் கிட்டே கூப்பிட்டார். காலில் விழலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. "இத பாருடி, உனக்குன்னு நெனச்சிக்காத. என் தம்பிக்குக் குடுக்கறேன்" என்றார்.

இப்போதெல்லாம் சின்ன ஓட்டை போட்டு எடுத்துவிடுகிறார்களாம். அன்றைக்கு முதுகிலிருந்து வயிறு வரை கிழித்தார்கள். வாங்கிக்கொண்ட தம்பியைவிடக் கொடுத்த அக்காவுக்குத்தான் வலி அதிகம். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவனுக்கு மூத்திரம் வந்துச்சா?" என்பதுதான். குழாயில் வந்துகொண்டே இருக்கிறது, பை நிறைகிறது என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கானது இல்லை என்று தெரிந்தாலும் நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தது அன்றைக்குத்தான்.

உடம்பு புதுச் சிறுநீரகத்தை அன்னியம் என்று தள்ளிவிடாமல் இருக்க ஒரு மருந்து கொடுத்தார்கள். எண்ணெய் மாதிரி இருக்கும், வாடை குடலைப் பிரட்டும். பாலில் கலந்து குடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் கலந்தால் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியில்தான் கலக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார். குடித்து முடித்ததும் டம்ளரில் இன்னும் கொஞ்சம் பால் விட்டு, அலசி, அதையும் குடிக்க வேண்டும். அடியில் ஒட்டிய சொட்டுக்கூட வீணாகக் கூடாது. கண்ணாடி டம்ளருக்கு நாங்கள் எங்கே போவது? தையல் பிரிக்காத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அண்ணி தன் வீட்டுக்காரரை எதிரே இருந்த டீக்கடைக்கு விரட்டி, ஒரு கிளாஸ் வாங்கிவரச் செய்தார். அதுதான் இந்த டம்ளர். காலையும் மாலையும் அதில் பால் ஊற்றி மருந்தைக் கலப்பது என் வேலை ஆனது. காய்ச்சல் வந்தாலும் கலக்க வேண்டும், சாவு வீட்டுக்குப் போனாலும் நேரத்துக்குத் திரும்பி வந்து கலக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடும், அதனால் சளி, இருமல் என்று யாரையும் கிட்டே விடக் கூடாது. நம் ஜனங்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் படுத்துவிட்டால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் சாத்துக்குடியோடும் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைத் தடவிவிட்டுப் போகாவிட்டால் உறவே இல்லை. வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தினேன். எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது, வரட்டும் என்று இருந்தேன். ஒருநாள் அண்ணியே வந்தார், மூக்கைச் சிந்திக்கொண்டு. சளி இறங்கட்டும் அண்ணி, அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடி, என் கிட்னி உள்ள போலாம், நான் போவக் கூடாதா?" என்றார். கொண்டுவந்த முருங்கைக்கீரையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். அதன் பிறகு வரவில்லை. நான் செய்தது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ஆனாலும் அந்தக் கீரையை ஆய உட்கார்ந்தபோது அழுகை வந்தது.

அடுத்த வெயில் காலத்தில் தெருவில் அம்மை பரவியது. வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தும் பயனில்லை. ஒரு காலையில் என் வீட்டுக்காரர் நெஞ்சில் நீர் கோத்த கொப்புளங்கள் இருந்தன. அம்மை வந்த வீட்டில் என்ன செய்வோம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தாளிக்க மாட்டோம். தலை வார மாட்டோம். யார் வீட்டுக்கும் சொல்லி அனுப்ப மாட்டோம், யாரும் வர மாட்டார்கள். முக்கியமாக, மருந்து என்ற பேச்சே கிடையாது. ஆத்தா தானாக வந்திருக்கிறாள், தானாக இறங்க வேண்டும். மருந்து கொடுத்து விரட்டினால் கோபித்துக்கொள்வாள், கண்ணைக் கொண்டுபோவாள், ஆளையே கொண்டுபோவாள்.

அவர் மருந்து வேண்டாம் என்றுவிட்டார். வேறு யாரும் சொல்லவில்லை, அவரேதான். பாலைக் கலந்து நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டார். "ஆத்தா வந்துகீறா. அவ போற வரைக்கும் வேணாம்" என்றார். கெஞ்சினேன், திட்டினேன், மகளைக் காட்டி அழுதேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்குக் காதைப் பொத்திக்கொண்டார். மருந்தை நிறுத்தினால் அக்கா கொடுத்தது போய்விடும். கொடுத்தாலோ ஆத்தா தண்டிப்பாள். அந்தப் பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. மாலை டம்ளரும் அப்படியே ஆறியது, மறுநாள் காலை டம்ளரும். அன்றைக்குத்தான் நான் வழக்கத்தை மீறினேன். அவரோடு வேலை செய்த ஒருவர் முதல் ஷிப்ட் முடிந்து பிள்ளைப்பாக்கம் வழியாகப் போவார். வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டு, அண்ணியிடம் சொல்லச் சொன்னேன். அம்மை வீட்டிலிருந்து ஆள் கூப்பிடுகிறாளே என்று எதிர்வீட்டில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணி வருவாரா என்பது ஒரு பயம், வந்தால் என்ன சொல்வாரோ என்பது இன்னொரு பயம். தீச்சட்டி எடுக்கிறவர் அவர். தம்பி சொல்வதுதான் சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எனக்குப் பேச்சில்லை. அடுத்த நாள் உச்சிவெயிலில் வந்தார். கை கால் கழுவினார், நிலைப்படியில் இருந்த வேப்பிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேரே அடுக்களைக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார். "கலக்கு" என்றார்.

தம்பியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "டேய், ஆத்தா யாருக்கு வந்துகீறா?"

"எனக்குக்கா."

"இப்ப எனக்கு வந்துகீறாளா?"

"இல்ல."

"எனக்குச் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிட்டா. இந்த மருந்து உனக்கு இல்லடா. உன் உள்ள என்னுது ஒண்ணு கீதே, அதுக்கு. என் கிட்னிக்கு நான் மருந்து ஊத்துறேன், ஆத்தா இன்னாத்துக்குக் கோவிச்சிக்கிறா? கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். வாயத் தொற."

அவர் வாயைத் திறந்தார். அண்ணி ஊட்டினார். நான் இன்னும் கொஞ்சம் பால் விட்டு அலசிக் கொடுத்தேன், அதையும் ஊட்டினார். பிறகு ஒரு வேனைப் பிடித்து, சீட்டில் வேப்பிலை பரப்பி, தம்பியை அதன் மேல் படுக்க வைத்து, "ஆத்தாவையும் கூட்டிக்கினுதான் போறோம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு ஏறினார். ஆஸ்பத்திரியில் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. இந்த உடம்பில் அம்மை என்றால் ஆளையே முடித்துவிடும், கொப்புளம் பார்த்த அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மைக்கென்றே ஊசி மருந்து ஏற்றினார்கள். எண்ணெய் மருந்தோடு கூடச் சாப்பிட்டுவந்த மாத்திரைகளில் ஒன்றைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள், எண்ணெய் மருந்தைத் தொடரச் சொன்னார்கள். அவர் பிழைத்தார். சிறுநீரகமும் பிழைத்தது, ஆனால் அடிபட்டுவிட்டது. அதன் பிறகு அது நொண்டிக்கொண்டேதான் ஓடியது.

அப்படி ஓடியே மகள் பத்தாவது முடிக்கும் வரை அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு நின்றது. மறுபடி மெஷின், மறுபடி பஸ், மறுபடி ஈரத்துணி. இரண்டாம் தடவை கொடுக்க யாருமில்லை. அவர் போன அன்றைக்கு அண்ணி அழவில்லை. பாடையைத் தூக்கும்போது மட்டும் தன் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு, "என்னுதும் போவுதுடி" என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு எங்களுக்குள் சண்டை போடத் தெம்பில்லை. தாம்பூலத் தட்டுப் பேச்சும் நின்றுபோனது.

இப்போது ஒரகடம் ரோட்டில் எத்தனை கம்பெனிகள். ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் பைக்கில் போகிற பிள்ளைகள் லாரியில் மோதி விழுகிறார்கள். மூளை செத்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டு இதயம், ஈரல், சிறுநீரகம் என்று கொடுக்கிறார்கள். யாருக்கோ விடிகிறது. எண்ணெய் மருந்து போய் மாத்திரையாக வந்துவிட்டது. ரத்தம் சேராவிட்டாலும் வைக்கிறார்களாம். இதெல்லாம் அன்றைக்கு இருந்திருந்தால் என்று முன்பெல்லாம் நினைப்பேன், இப்போது நினைப்பதில்லை, அலுத்துவிட்டது. இன்றைக்கும் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன். இன்றைக்கும் வைத்த பிறகு காலமெல்லாம் மருந்து சாப்பிட்டாக வேண்டும், அதை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருத்தி களைத்துப்போய் நின்றாக வேண்டும். அவளைப் பற்றிப் பேப்பரில் வராது.

போன தை மாதம் அண்ணி வாதத்தில் விழுந்தார். கை விழுந்தது, பேச்சு விழுந்தது. எல்லாப் பரிசோதனையும் செய்த டாக்டர், "இவங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரு கிட்னி மட்டும் நல்லாவே வேலை செய்யுது" என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைப்பாக்கத்தில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வாயில் பால் விட்டார்கள். எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். போகும்போது ஏன் அதை முந்தானையில் சுற்றி எடுத்துப் போனேன் என்று யோசிக்கவில்லை. அங்கே போய்க் கண்ணாடி டம்ளரை நீட்டி அதில் பால் வாங்கினேன். மருந்து கலக்காத பால் அதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

சில்லு பெயர்ந்த பக்கம் படாமல் திருப்பிப் பிடித்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அண்ணி கண்ணைத் திறந்து முதலில் டம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பால் தீர்ந்ததும் அடுத்தவருக்கு வழிவிடச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை. டம்ளரில் இன்னும் கொஞ்சம் பால் விடச் சொல்லி, அடியில் ஒட்டியிருந்ததெல்லாம் சேரும்படி நன்றாக அலசி, அதையும் ஊட்டிவிட்டுத்தான் எழுந்தேன்.