மவுஸுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர்

நான் உள்ளே போனபோது லிஃப்ட்காரர் ஒரு பழைய கேபிளின் வாலை நறுக்கிக்கொண்டிருந்தார். மேல்தோலைக் கத்தியால் சீவி, உள்ளே இருந்த ஒன்பது வயர்களையும் விசிறி போல விரித்து, ஒவ்வொன்றின் முனையையும் பல்லால் உரித்தார். வயர் உரிக்கத் தனியாகக் கருவி இருக்கிறது, பல்லை ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று பல மாதமாகக் கேட்டு வருகிறேன். கருவியைத் தேட வேண்டும், பல்லைத் தேட வேண்டியதில்லை என்பார். எதிர்வாதம் செய்யும் ஆளில்லை அவர். ஒரே பதிலை வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவர்.

அன்று புதன்கிழமை. வாரத்தில் மூன்று நாள் காலையில் அந்த வீட்டுக்குப் போவேன். போவது இவருக்காக அல்ல, இவருடைய அக்காவுக்காக. எட்டு மாதம் முன்பு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிடிக்கும், தூக்கும், ஆனால் எதைச் செய்தாலும் கடைசி நொடியில் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். குளிப்பாட்டுவது, கைக்குப் பயிற்சி கொடுப்பது, மாத்திரைப் பெட்டியை நிரப்புவது என் வேலை.

மாத்திரைப் பெட்டியைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமையைக் காணோம். வாரத்துக்கு ஏழு அறை உள்ள பெட்டி அது, அறையறையாகக் கழற்றலாம். கடைசி அறை இருந்த இடம் காலி.

“லிஃப்ட்காரரே, ஞாயித்துக்கிழமை எங்க?”

அவர் நிமிரவில்லை. “அது நல்ல அளவு நர்சம்மா. சிப்பு கச்சிதமா உள்ள உக்காருது. மூடியும் டக்குனு மூடுது.”

“ஞாயித்துக்கிழமை உங்க அக்கா மாத்திரை போட வேண்டாமா?”

“அன்னைக்கு மட்டும் சனிக்கிழமை பெட்டியிலயே ரெண்டு தடவ போட்டுக்கலாம்ல?”

பக்கத்து அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “என்னைக் கொன்னுட்டு பெட்டி செய்யறானா? கேளுங்க அவன.”

இந்த மனிதர் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். மனைவி போன பிறகு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடியின் தரையும் ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர். இன்றைக்கும் கடைத்தெருவில் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்டிலிருந்து இறங்கும்போது குனிந்து பார்ப்பார். எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து யாராவது கூடச் சேர்ந்து தேடுவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த பொழுதுபோக்கு இது: நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இன்றைய மவுஸ்களை மாட்டுவது. இதில் பைத்தியம் பிடித்தவர்கள் இவரையும் சேர்த்து ஏழு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, தையல் கடைக்கு மேலே உள்ள அறையில் கூடுவார்கள். ஒரு தடவை அக்காவின் கம்ப்யூட்டரைக் காட்ட வேண்டுமென்று என்னையும் மூட்டை தூக்க அழைத்துப் போனார். அடாப்டர் பெட்டி வெள்ளையாக இருக்க வேண்டுமா, பழுப்பாக இருக்க வேண்டுமா என்று மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். அத்தனை பேரும் பேரப்பிள்ளை எடுத்தவர்கள்.

அடாப்டரின் வேலை என்னவென்று அன்று அவர்தான் எனக்கு விளக்கினார். புது மவுஸ் கணக்காகப் பேசும். ‘இடப்பக்கம் பதினேழு, மேலே நான்கு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். பழைய கம்ப்யூட்டருக்கு எண் புரியாது. ‘ஒரு அடி, இன்னொரு அடி’ என்று தட்டித் தட்டிச் சொன்னால்தான் புரியும். நடுவில் உட்கார்ந்து பதினேழைப் பதினேழு தட்டாகப் பிரித்துக் கொடுப்பது அடாப்டர். அவசரப்பட்டுக் கொட்டினால் கம்ப்யூட்டர் பாதியைத் தவற விட்டுவிடும். விழுங்கச் சிரமப்படும் நோயாளிக்குச் சாப்பாடு ஊட்டுவது போலத்தான். ஒரு கரண்டி, உள்ளே போனதா என்று பார்த்துவிட்டு அடுத்த கரண்டி. அப்படியென்றால் எனக்கும் இந்த வேலை தெரியும் என்றேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அக்காவின் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அக்கா இருபத்தெட்டு வருஷமாகக் கம்பளி நூல் கடைக்குப் பின்னல் கட்டங்கள் வரைந்து கொடுத்தவர். ஒரு தாள் முழுக்கக் கட்டம். கறுப்பாக்கிய கட்டத்தில் ஒரு நிற நூல், வெள்ளையில் இன்னொரு நிறம். அதைப் பார்த்துப் பின்னுகிறவர்கள் தொப்பியும் கையுறையும் பின்னிக்கொள்வார்கள். எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் வரைந்தவை, ஃபிளாப்பிகளில் கிடக்கின்றன. மகன் ஒரு லேப்டாப் வாங்கித் தந்தார். பழைய படம் ஒன்றுகூட அதில் திறக்கவில்லை. வரைந்தால் அதுவாகவே கோட்டை நேராக்கிவிடுகிறது என்று அக்கா மூடி வைத்துவிட்டார். பழைய மவுஸோ பொத்தானை அமுக்கவே ஒரு பலம் வேண்டும் என்கிற ரகம். நோய்க்குப் பிறகு அதை அமுக்க அக்காவால் முடியவில்லை.

போன வாரம் அக்கா தானாகவே பழைய கம்ப்யூட்டர் சேகரிக்கும் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசிவிட்டார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து மொத்தத்தையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். “வரைய முடியாத மேசை வீட்டுக்கு எதுக்கு? இடத்த அடைக்குது” என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

தம்பி அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் அது நல்லதாகப் படவில்லை. தன் சாமானை எடுத்துக் கொடுக்க ஆரம்பிக்கிற நோயாளி, அடுத்து கட்டிலைவிட்டு எழுந்திருப்பதை நிறுத்துவார். பல வீடுகளில் பார்த்தாயிற்று. சனிக்கிழமைக்குள் அக்காவின் கை அந்தத் திரையில் ஏதாவது வரைய வேண்டும். அதற்குத்தான் ஒன்பது வயரும் என் ஞாயிற்றுக்கிழமையும்.

வியாழக்கிழமை காலை அடாப்டர் தயார். சோதனை முழுவதும் தன் கையாலேயே செய்து முடித்திருந்தார். அக்காவை மெதுவாக நடத்தி வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். இலேசான புது மவுஸ். விரல் பட்டாலே பொத்தான் அமுங்குகிறது. அக்கா மவுஸை முன்னால் தள்ளினார். திரையில் அம்பு கீழே இறங்கியது.

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “இப்படித்தான் லிஃப்டும் ஓட்டினியா?”

லிஃப்ட்காரரின் முகம் சிவந்துவிட்டது. ராத்திரி வரை சரியாகத்தான் இருந்தது, காலையில் பெட்டிக்குள் திணிக்கும்போது ஒரு வயர் கழன்றது, திரும்ப ஒட்டும்போது இரண்டு வயர் இடம் மாறியிருக்கும் என்று ஏதேதோ சொன்னார். மேலே கீழே என்பதில் தப்பு செய்ததை அவர் சாகும்வரை மறக்க மாட்டார். பத்து நிமிஷத்தில் திருத்தினார்.

இப்போது அம்பு போக வேண்டிய பக்கம் போனது. ஆனால் அந்த வெட்டு இருக்கிறதே, அதுவும் கூடவே போனது. அக்கா ஒரு கட்டத்துக்கு மேலே அம்பைக் கொண்டுவந்து நிறுத்துவார். பொத்தானை அமுக்கும் நொடியில் கை துள்ளும். மூன்று கட்டம் தள்ளிக் கறுப்பாகும். ஒன்று, இரண்டு, ஐந்து தடவை. திரை முழுக்க ஈ மொய்த்த மாதிரி ஆகிவிட்டது.

“போதும்டா” என்றார் அக்கா.

“இரு அக்கா. வேகத்த குறைச்சுப் பாக்கறேன்.”

குறைத்தார். அம்பு ஆமை மாதிரி நகர்ந்தது. கை துள்ளும்போது ஆமையும் துள்ளியது. தம்பி கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை.

“பாத்தீங்களா நர்சம்மா, ஒரு தட்டுகூட விடல. கை எவ்வளவு அசையுதோ அவ்வளவையும் அப்படியே சொல்லுது. சுத்தமா வேலை செய்யுது!”

“சுத்தமாத்தான் செய்யுது. அதுதான் தொந்தரவே” என்றேன். “எட்டு மாசமா அந்தக் கையை நான்தான் பாக்கறேன். நீங்க இன்னும் ஒரு தடவகூட பாக்கல. திரையை விடுங்க, கையப் பாருங்க.”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லிஃப்ட் சோதனைக்குக் கொண்டுபோகும் பழைய நோட்டையும் எடுத்துக்கொண்டார்.

“என்னடா இப்படி முறைக்கற? கை பயந்துக்கப் போகுது.”

“பேசாம அமுக்கு.”

“எங்க அமுக்க?”

“எங்கயாவது. நான் திரையப் பாக்கல.”

அரை மணி நேரம் அக்கா அமுக்கினார், தம்பி எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘அமுக்குவதற்குச் சற்று முன் மணிக்கட்டு வெளிப்பக்கம் போகிறது. எப்போதும் வெளிப்பக்கமே. விரலை எடுக்கும்போது மறுபடி ஒரு சின்னத் துள்ளல்’ என்று மருத்துவர்கள்கூட எழுதாத அளவுக்கு எழுதியிருந்தார். ஒரு தடவை மட்டும், துள்ளி முடிந்த கையைத் தன் கையால் மவுஸ்மேல் திரும்ப வைத்தார்.

அப்புறம் ஏழு பேரில் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினார். அந்த ஆளுக்குக் கூட்டத்தில் பெயர் ‘சட்டம்’. குரல் அறை முழுக்கக் கேட்டது.

“சின்ன அசைவையெல்லாம் முழுங்கிடணும், பொத்தான் அமுங்கின உடனே அம்பு அரை நொடி அசையாம நிக்கணும்னா, அப்ப மவுஸ் நகந்ததை நகரலன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லப் போறீங்களா?”

“ஆமா.”

“அது அடாப்டர் இல்லங்க. பொய்சாட்சி!”

“சரி, பொய்சாட்சியே இருக்கட்டும். அந்த நேரக்கணக்கு மட்டும் எப்படி எழுதணும்னு சொல்லுங்க.”

சட்டம் கால் மணி நேரம் திட்டிவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். லிஃப்ட்காரர் காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். தரைக்கும் தரைக்கும் மயிரிழை வித்தியாசம் வந்தால் தூங்காத மனிதர், வேண்டுமென்றே தப்பாகச் சொல்லும் ஒரு பெட்டியைச் செய்ய உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தால் திருடப் போகிறவர் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை நாளில்லை. இருந்தாலும் மாலையில் போனேன். அக்கா மவுஸைப் பிடித்தார். கை வழக்கம்போலத் துள்ளியது. அம்பு அசையாமல் நின்றது. ஒரு கட்டம் கறுப்பானது. அக்கா குறி வைத்த அதே கட்டம்.

அக்கா அடுத்த கட்டத்துக்குப் போனார். அதற்கு அடுத்ததற்கு. எட்டுக் கட்டம் வரிசையாக நிரப்பினார். ஒன்று மட்டும் தப்பான இடத்தில் விழுந்தது. அதை அழிக்க மூன்று தடவை முயன்றார், முடியவில்லை. கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தோள் வலித்திருக்கும், பிடித்துவிட்டேன்.

“நாளைக்கு அவரு எத்தனை மணிக்கு வர்றாரு?” என்று கேட்டார்.

“ஒம்பது” என்றார் தம்பி.

“சரி. படுக்கணும். கூட்டிட்டுப் போங்க.”

படுக்க வைத்துவிட்டு வந்து பார்த்தால் லிஃப்ட்காரர் வயர் ஒட்டும் சாலிடர் கம்பியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். “எட்டு கட்டம் போடறதுக்கு பத்து நிமிஷம். ஒரு தொப்பிக்கு ரெண்டாயிரம் கட்டம் இருக்கும்ல?” என்றார். இருக்கும் என்றேன். ஆறுதலுக்காகக் கணக்கைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஏழரைக்கெல்லாம் போய்விட்டேன். கம்ப்யூட்டரைக் கொண்டுபோகும்போது வீட்டில் ஒரு ஆள் இருப்பது நல்லது என்று பட்டது. கதவைத் திறந்தால் அக்காவின் கட்டில் காலி. சுவரைப் பிடித்து அவரே நடந்து போய், நாற்காலியை அவரே இழுத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நேற்றுத் தப்பாக விழுந்த கட்டம் வெள்ளையாகியிருந்தது. அதற்கு மேலே இன்னும் இரண்டு வரிசை ஏறியிருந்தது.

“கூப்பிடாம எந்திரிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? விழுந்தா யாரு தூக்கறது?”

“விழலயே. சத்தம் போடாதீங்க, எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

“ஒம்பது மணிக்கு ஆள் வருமே?”

“வராது. ஏழு மணிக்கே போன் பண்ணிட்டேன். பாவம், தூக்கத்துல இருந்தாரு. ரெண்டு தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு.” மவுஸை நகர்த்தினார். அமுக்கினார். “இவன்கிட்ட இப்பவே சொல்லாதீங்க. ஆடுவான்.”

ஆனால் நான்காவது வரிசை முடிந்ததும் அக்காவே பிரிண்டரை ஓட்டினார். ஊரைக் கூட்டும் சத்தம் அது. லிஃப்ட்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வாயில் நுரையோடு ஓடிவந்தார். தாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

“மொதல்ல போய் வாயக் கழுவு” என்றார் அக்கா. “தாள் மேல சிந்தாத.”

ஒரு கையுறையின் மணிக்கட்டுப் பகுதி மட்டும் அது. நான்கு வரிசை. அடியில் இடது கையால் கோணல்மாணலாக ‘மீதி அடுத்த வாரம்’ என்று எழுதி என்னிடம் கொடுத்தார். குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். போகும் வழியில் கம்பளி நூல் கடை திறந்திருந்தது. தாளை மடிக்காமல் கடைக்கார அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டங்களை எண்ணத் தொடங்கினார்.