பழைய ஸ்டென்சிலில் இருந்த கையெழுத்து

இன்று ஜெராக்ஸ் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: “எங்க மெஷின் கம்பெனிதான் இந்த வருசமும் விற்பனையில முதல்.”

எனக்கு ஒரு பழைய விற்பனை அறிக்கை ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் காரைக்குடியில் சைக்ளோஸ்டைல் என்ற நகலெடுக்கும் மெஷின் விற்ற கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். வருடாந்திர விற்பனை அறிக்கைக்குப் நகலுக்கான மெழுகுத்தாளான ஸ்டென்சிலைப் புதிதாக அடிக்கச் சோம்பல். போன வருட ஸ்டென்சிலிலேயே எண்களை மட்டும் திருத்தி ஓட்டி, மெஷின் வாங்கிய பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன்.

அடியில் மேனேஜர் போன வருடம் போட்ட கையெழுத்து அப்படியே இருந்தது. அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பள்ளத்தூர்ப் பள்ளியில் டீச்சராக இருந்த அவர் மனைவி, அந்த அறிக்கையோடு நேரில் வந்தார். திட்டவில்லை.

“அவுக எப்ப வந்து கையெழுத்துப் போட்டாக? வீட்டுக்கு மட்டும் வரலையே?”

இன்றுவரை நகல் எடுத்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் எப்படி?