அய்யா கொடுத்த நற்சான்று

அய்யாவின் முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தேன். இன்று காலை விசாரிக்க வி.ஏ.ஓ. பாம்பனில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்தார்.

ஆபீசர் வருகிறாரே என்று, படுக்கையில் கிடக்கும் அய்யாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, புது வேட்டி கட்டிவிட்டிருந்தேன். ஆதரவற்றவர்களுக்குத்தான் பணம் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

"பெரியவரே, ஒங்கள யாரு பாத்துக்கிறா?"

"இந்தா நிக்கிறான்ல எம்மகன். பீ மூத்திரம் அள்ளுறதும் இவந்தான். ஒரு கொற வைக்கல சார்."

வி.ஏ.ஓ. பேனாவை மூடினார். "மகன் நீங்க இருக்கீங்க. நான் என்னண்ணே எழுத?"

டயப்பருக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன்.

ஐம்பது வயதில், அய்யா வாயால் இன்றுதான் முதன்முறையாக நல்ல பேர் வாங்கினேன். கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

"ஏலே, நல்லாச் சொன்னேனா? காசு எப்ப வரும்?" என்கிறார்.

என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.