தமிழ் வராத ரேடியோக்கள்

ரேடியோ வாங்கலாம் என்று நான் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அதுக்குத் தமிழ் வருமா?"

"வராம என்ன, வெளுத்து வாங்கும்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு ரேடியோவைப் பற்றித் தெரிந்தது பூஜ்யம். மலாக்காவில், கஜா பேராங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சன்னாசிமலைத் திருவிழா முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதோ ஒரு ரேடியோ வந்து உட்கார வேண்டும். அதற்காக அது சமஸ்கிருதம் பேசும் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

எல்லாம் என் தங்கைக்காக. முந்தின வருஷம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவள், அங்கே ஒரு வயலின்காரரைத் தானே பார்த்துத் தானே கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அப்பா, "எனக்கு ஒரே பொண்ணு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஒரே பொண்ணு நான்தான். கேட்காமலே கிடைத்த இந்தப் பதவி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவள் இருந்தவரை வீட்டில் எந்நேரமும் பாட்டுத்தான். இப்போது குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

அப்படி இருக்கும்போது, சிங்கப்பூருக்கு அன்னாசி லாரி ஓட்டும் என் மாமா, அம்மாவின் தம்பி, அடுப்படிக்குள் வந்து குசுகுசுவென்று ஒரு சேதி சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கை சிங்கப்பூர் ரேடியோவில் பாடப் போகிறாள். ஒரே ஒரு பாட்டு. அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று அம்மா மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"அவ குரல் ஒரு தடவை அவர் காதுல விழுந்தா போதும்டி. அப்புறம் நான் பாத்துக்கிறேன்" என்றாள் என்னிடம். பாவம், எவ்வளவு நம்பிக்கை!

ஆனால் தங்கை பேரெடுத்தாலே எழுந்து வெளியே போகிற மனிதரிடம் இதைச் சொல்லி ரேடியோ கேட்க முடியுமா? நான் சுதந்திரத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். "நாட்டுக்கே சுதந்திரம் வரப்போகுதுப்பா. ஊரே வீட்டுக்குள்ள உக்காந்து கேக்கும். நாம மட்டும் அடுத்த வீட்டு சன்னலோரம் நின்னு கேக்கிறதா?" என்றேன். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாங்கலாம் என்றார். ஆனால் இரண்டு நிபந்தனைகள். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரத்தில்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்ததும் முதலில் வருவது தமிழ்க்குரலாக இருக்க வேண்டும்.

தையல் கடையில் நான் சேர்த்து வைத்த காசுக்குப் பெரிய ரேடியோ எல்லாம் கட்டுப்படியாகாது. பண்டார் ஹிலிரில் ஒரு சீனர் கடைக்குப் போய், இருப்பதில் சின்னதைக் காட்டினேன். வீட்டில் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள் என்றார் கடை முதலாளியான தவுக்கே. அந்தக் காலத்து வழக்கம் அது. என் அப்பாவைப் போன்ற ஓர் ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

புதன்கிழமை காலை நல்ல நேரம். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், பூ. அப்பா குளித்துவிட்டு வந்து திருகினார். ஒரு பெண்குரல் மலாயில் மீன் சம்பால் செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அடுத்த வீடு மலாக்கா செட்டி வீடு. அந்த வீட்டு அக்கா நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போவார், பேசுவதெல்லாம் மலாய். அவர்தான் எங்கள் சன்னலோரம் வந்து நின்று, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சித் தலையாட்டி சம்பாலை மனப்பாடம் செய்துகொண்டு போனார். அப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது.

"தமிழ் வரல. திருப்பிக் குடு."

"அப்பா, தமிழுக்குன்னு தனி நேரம் இருக்கு. அந்த நேரத்துல வச்சாத்தான் வரும்."

"நேரத்தை நாம பாக்கிறதா, அவன் பாக்கிறதா?"

அதோடு விட்டாரா! தண்ணீர் இலாகாவில் மேஸ்திரியாக இருந்தவர் அப்பா. தெருக்குழாயில் இரும்புக் கம்பியை வைத்து, அதில் காதை வைத்து, பூமிக்கு அடியில் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். அதே மாதிரி ரேடியோவின் மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "தகரத்துல பேசுற மாதிரி இருக்கு. பேசுறவ மூச்சு விடுறாளா இல்லையான்னே தெரியல" என்றார். மீன் சம்பால் சொல்கிறவள் மூச்சு விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து வந்தது சற்றுப் பெரிய பெட்டி. நல்ல நேரத்தில் திருகினால் சீன நாடகம். தாளமும் மணியும் சேர்ந்து போட்ட போட்டில், மேலே வைத்திருந்த பூ கீழே விழுந்தது. சகுனம் சரியில்லை என்றார் அப்பா. இரைச்சல் வேறு. அதற்குக் காரணம், ஏரியல் கம்பியைக் கொடிக்கம்பி என்று நினைத்து அம்மா அதில் அப்பாவின் ஈர வேட்டியைக் காயப்போட்டிருந்ததுதான். அதை நான் சொன்னதற்கு, "ஆமா, எல்லாத்துக்கும் நான்தான்" என்று அம்மா என்னிடமே சண்டைக்கு வந்தாள். எங்கள் அணி உடையும் நிலைமை. ஞாயிறோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை நான் மறுபடி கடைக்குள் நுழைந்ததும் தவுக்கே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து மனம் இளகி, பின்கட்டிலிருந்து ஒன்றைக் காட்டினார். கிளேபாங் கடலோர பங்களாவில் இருந்த ஒரு துரை, சுதந்திரத்துக்கு முன்னாலேயே மூட்டை கட்டிவிட்டாராம். கப்பலில் ஏற்ற முடியாமல் விட்டுப்போன ரேடியோ. மர அலமாரி மாதிரி ஆள் உயரத்தில் பாதி. ஒலிபெருக்கி சுளகு அகலம். பழசு, கனம், இடத்தை அடைக்கும் என்று யாரும் சீந்தவில்லை. அதனால் என் காசுக்கே கிடைத்தது.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இத்தனை வருஷம் இங்கிலீஷே பேசிப் பழகின பெட்டி. இதுக்கா தமிழ் வரும்?" என்றார். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "திங்கக்கிழமை காலைல நல்ல நேரம். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை! நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தங்கை பாடுவது ஞாயிறு ஐந்து மணி. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ராகு காலத்தில் செருப்புக்கூடப் புதிதாகப் போடாத மனிதர் அவர்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியை ரேடியோவுக்கு முன்னால் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோயில் வாசலில் நந்தி உட்கார்ந்த மாதிரி. "கொஞ்சம் காலார நடந்துட்டு வாங்களேன்" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "கால் வலிக்குது." காப்பி கொடுத்தோம், குடித்தார், எழுந்திருக்கவில்லை. நாலரை தாண்டியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நடப்பது நடக்கட்டும், எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

அப்பா பேப்பரை மடித்தார். எழுந்தார். துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ரேடியோவைத் திருகினார்.

"ஏங்க, ராகு காலங்க!" அம்மா தன்னை அறியாமல் கத்திவிட்டாள்.

"தெரியும். வால்வு சூடேற நேரமாகும். அஞ்சு மணிக்குத் திருகினா பாதிப் பாட்டு போயிடும்."

அடப்பாவி மாமா! அந்த ஓட்டை வாய் எங்களுக்குச் சொன்ன அன்றே அவருக்கும் சொல்லியிருக்கிறது. அப்பா தேடவே இல்லை. முள்ளை நேராகச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்சம் இரைச்சல், ஓர் ஆண்குரலில் அறிவிப்பு, தம்புரா. பிறகு அவள்.

என் தங்கை எங்கள் கூடத்தில் நின்று பாடுவது போலவே இருந்தது. அந்தத் துரை என்னென்ன கேட்டாரோ, நல்ல பெட்டியைத்தான் விட்டுப் போயிருந்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அப்பா குழாயில் கேட்பது போல மரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தும் அவர் காதை எடுக்கவில்லை.

"அடிக்கு அடி மூச்சு வாங்குறா" என்றார்.

"முதல் தடவை இல்லீங்களா, பயமா இருந்திருக்கும்" என்றாள் அம்மா.

"பயத்துல வாங்குற மூச்சு மேலோட நிக்கும். இது அடியிலேருந்து வருது." என்னைக் கையால் காட்டினார். "இவளை வயித்துல வச்சுக்கிட்டுப் பாடினப்ப நீ இப்படித்தான் வாங்கின."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா ரேடியோவை அணைத்து, துண்டை மறுபடி போர்த்தினார். போர்த்தியதை நெடுநேரம் சரி செய்துகொண்டே இருந்தார்.

"உன் தம்பி லாரி விடியக்காலைல எத்தனை மணிக்குக் கிளம்புது?" என்று திரும்பாமலே கேட்டார். "முன்சீட்டுல நெருக்கி உக்காந்தா மூணு பேருக்கு இடம் இருக்குமான்னு கேளு."

திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் ரேடியோவைத் திறக்க எங்கள் வீட்டில் ஆளில்லை.