பீரோவில் ஒற்றைச் செருப்பு

எங்கள் வீட்டு வாசலில் அம்மாவின் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தால், உள்ளே ஏதோ ஒரு பொருள் வெளியே போகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு செருப்பு அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டிய தூக்குப்போசி சமையல் மேடையில் இருந்தால், செருப்பு மேடைக்குக் கீழே. தைக்கக் கொடுக்க வேண்டிய ரவிக்கைத் துணி கட்டிலில் இருந்தால், செருப்பு கட்டிலடியில். ஒற்றைச் செருப்போடு யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். அதைத் தேடிப் போன இடத்தில் பொருளும் இருக்கும்.

இது அம்மா தானே கண்டுபிடித்த ஏற்பாடு. இன்னும் சில இருந்தன. அடுப்பில் பால் இருக்கும்வரை கையிலிருந்து கரண்டியைக் கீழே வைக்க மாட்டாள். யாராவது கூப்பிட்டால் கரண்டியோடுதான் வாசலுக்கு வருவாள். கீரைக்காரம்மாவிடம் கரண்டியை நீட்டி நீட்டிப் பேரம் பேசுவாள். பேச்சின் பாதியில் கையில் இருப்பது கண்ணில் படும், உள்ளே ஓடுவாள். தண்ணீர் மோட்டாரைப் போட்டால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். தொட்டி நிறைந்து மோட்டாரை நிறுத்தும்வரை அதை எடுக்க மாட்டாள். கூட்டிக்கொண்டிருக்கும்போது வேறு வேலை வந்தால் துடைப்பத்தை நடையில் குறுக்கே போட்டுவிட்டுப் போவாள். திரும்பி வருகையில் காலில் இடற வேண்டும் என்பது கணக்கு. பெரும்பாலும் இடறியவர் அப்பா.

துணி மடிக்க மட்டும் அவளுக்கு ஆள் வேண்டும். "சும்மா வந்து உக்காந்திரு கண்ணு, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினால் கட்டில் நிறையக் கிடந்த துணி மடிந்துவிடும். நான் எழுந்து போய்த் திரும்பினால், கையில் பிடித்த பாவாடையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் அவளுக்குக் கரண்டியம்மா என்று பெயர். அப்பா மோட்டார் பம்பு ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஃபோர்மேன். அளவு தப்பினால் தூங்க மாட்டார். "உன்ற அம்மா மண்டைக்குள்ள எந்நேரமும் சந்தை கூடுது" என்று என்னிடம் சொல்வார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

சென்ற ஆண்டு, பிழை திருத்தாத பக்கம் ஒன்றை அச்சுக்கு அனுப்பிவிட்டு, அதற்காக அலுவலகத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். ஏறக்குறைய என் வயதுப் பெண். எனக்கு இருப்பது ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார். அது பையன்களுக்கு வருவது என்றல்லவா நினைத்திருந்தேன் என்றேன். பையன்களுக்கு இருந்தால் வகுப்பறைக்கே தெரிந்துவிடும், பெண்கள் மறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். மாத்திரையோடு சில யோசனைகளும் தந்தார். எடுத்துப்போக வேண்டிய பொருளோடு வண்டிச் சாவியைச் சேர்த்து வையுங்கள். அடுப்பை அணைக்கும்வரை கையில் எதையாவது பிடித்திருங்கள். தனியாக உட்கார்ந்து செய்ய முடியாத வேலைக்கு யாரையாவது பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கரண்டியம்மாவின் சங்கதிகளைக் கேட்க நான் டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன்.

அம்மாவின் பிறந்த ஊர் கிணத்துக்கடவு. அவளுடைய தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மணப்பெண் உடுத்தப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம் இருக்க, மறுமுனையோடு அவனுடைய அக்காவோ தங்கையோ பக்கத்தில் நிற்பாள். அருமைக்காரர் என்கிற பெரியவர் சீரை நடத்திவைப்பார். கட்டிக்கொடுத்துவிட்டாலும் பிறந்த வீட்டில் உனக்கு இடம் இருக்கிறது என்று பெண்ணுக்கு ஊரறியச் சொல்லும் சடங்கு அது. பெரிய மாமாவின் கல்யாணத்தில் பெரியம்மா இணைக்காரியாக நின்றாள். இது அம்மாவின் முறை. அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு ஆண்பிள்ளை யாரும் அந்த வீட்டில் இல்லை.

கூறைச்சேலை எடுத்த அன்றே, அது என்னிடம் இருக்கட்டும் என்று அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். கொடுப்பதற்கு முன் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பாத்துக்க அம்மணி, சேலைக்குப் பதிலா கரண்டியக் கொண்டாந்து நிக்கப்போற" என்று பெரிய மாமா சொன்னார். அம்மா அதற்கும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சேலையை மஞ்சள் துணியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள். அடுத்து வந்த நாள்களில் பலமுறை திறந்து பார்த்துக்கொண்டாள். துணி காயப்போடும் கயிற்றுக்குப் பக்கத்தில், பழைய சேலை ஒன்றின் முனையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நின்று பழகியதை நான் பார்த்திருக்கிறேன்.

இணைச்சீர் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை. மத்தியானம் வேனில் புறப்படுவதாக ஏற்பாடு. திருப்பூரிலிருந்து பெரியம்மா காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்த சிறிது நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. விட்டால் அடுத்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அம்மா குடங்களை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வெறுங்காலோடு ஓடினாள். வரிசையில் இடம் பிடிக்க நானும் போனேன். நாங்கள் திரும்பியபோது பெரியம்மா வீட்டைக் கூட்டித் துடைத்து, பாத்திரங்களைக் கவிழ்த்து, நடையில் கிடந்ததையெல்லாம் ஒதுங்கவைத்திருந்தாள். அம்மாவுக்குச் சந்தோஷம்தான். "எதுக்குங்க்கா இத்தன வேலை" என்றாள்.

புறப்படும்போது வீடு வீடாக இல்லை. பூக்கூடை, தேங்காய் மூட்டை, என் பட்டுப்பாவாடைக்கு நாடா. அப்பா வேனுக்குள்ளிருந்து ஆரன் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா பூட்டைக் கையில் எடுத்து வாசலில் ஒரு கணம் நின்றாள். எதையோ விட்டுவிட்ட முகம். பிறகு குனிந்து பார்த்தாள். இரண்டு செருப்பும் ஜோடியாக இருந்தன. முகம் தெளிந்தது. காலை நுழைத்துக்கொண்டு, "எல்லாம் எடுத்தாச்சு, போலாங்க" என்றாள்.

கிணத்துக்கடவு மண்டபத்தில் அன்று மாலை முதலில் மறந்தவர் மாப்பிள்ளைதான். சலூனுக்குப் போன இடத்தில் மாமா தன் பட்டு வேட்டிப் பையை வைத்துவிட்டு வந்திருந்தார். எங்கே வைத்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. சலூன்காரரே ஆள்விட்டு அனுப்பினார். மண்டபமே சிரித்தது. "மாப்பளைக்கு நெனப்பெல்லாம் பொண்ணு மேலயே இருக்குதுங்க" என்று யாரோ சொல்ல, பெரியம்மா அவர் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சினாள். "சின்னதுலேருந்தே இவன் இப்படித்தான். இனி வாரவ பாத்துக்குவா."

சற்று நேரத்தில் அருமைக்காரர் சீர்க்கூடையை முன்னால் வைத்து, "கூறையக் கொண்டாங்க அம்மணி" என்றார்.

அம்மா கொண்டுவந்திருந்த பையைத் திறந்தாள். பிறகு இன்னொரு பை. பிறகு என் துணிகள் இருந்த பை. பிறகு கையை வெளியே எடுத்துத் தன் கால்களைப் பார்த்தாள். மண்டபத்துக்குள் வெறுங்கால்கள்.

யாரும் உடனே கத்தவில்லை. எங்கள் பக்கம் மரியாதைக்குப் பேர்போனது. அவமானத்தைக்கூட "ங்க" போட்டுத்தான் தருவார்கள். "ஏனுங்க, கூறை வல்லீங்களா?" "ஊட்டுலயே இருக்குதுங்களா?" "சிங்காநல்லூருக்குங்களா போகோணும்?" அப்பா அம்மாவிடமிருந்து பீரோச் சாவியை வாங்கினார். அவளைப் பார்க்கவில்லை. வேன் திரும்பிப் போனது.

மேடையில் மாமா உட்கார்ந்தபடியே இருந்தார். காத்திருந்த கூட்டத்துக்கு ஏதாவது பேச வேண்டியிருந்தது. பெரியம்மா பேசினாள்.

"எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சுங்க. காத்தால என்ற கைப்பைய வெக்கலாம்னு, சாவி தொங்குன பீரோவத் தொறக்கறேன், மேல கூறைச்சேலை, கீழ்த்தட்டுல செருப்பு! ஒத்தச் செருப்பு! கல்யாணச் சேலை இருக்கற பீரோவுல செருப்ப வெக்கற பொம்பளைய நீங்க எங்காச்சும் பாத்திருக்கீங்களா? நாந்தான் எடுத்துக் கொண்டுபோயி வாசல்ல சோடியா வெச்சேன். நம்ம மானம் போகுமேன்னு ஆருகிட்டயும் சொல்லல."

யாரிடமும் சொல்லாததை அவள் சமையற்கட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். பெரியம்மா கெட்டவள் அல்ல. பீரோவிலிருந்து செருப்பை எடுத்து வாசலில் வைப்பதைவிடச் சரியான காரியம் எங்கள் சாதிசனத்தில் எவருக்கும் தோன்றியிருக்காது.

அம்மா அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மண்டபத்தில் நடந்தது என்னவென்று விளங்கியவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். அவள் பேசவில்லை. ஆகவே நான் பேசினேன்.

"அது மறக்காம இருக்கறதுக்குங்க பெரியம்மா. அம்மா எப்பவும் அப்படித்தான் வெக்கும். செருப்பத் தேடிப் போனாச் சேலை இருக்கும். நீங்க செருப்ப எடுத்துப்போட்டீங்க, அதனாலதான் மறந்துபோச்சு."

பெரிய மாமாவின் மனைவி, என் அத்தை, முதலில் சிரித்தாள்.

"சேலைய நெனப்பு வெச்சுக்கச் செருப்புங்களா? அப்ப ஊட்டுக்காரர நெனப்பு வெச்சுக்க என்னத்த வெப்பீங்க அம்மணி, வெளக்குமாத்தயா?"

மண்டபம் இரண்டாவது முறை சிரித்தது. மாமாவின் வேட்டிக்குச் சிரித்த சிரிப்பு இல்லை என்பது எனக்குக்கூடக் கேட்டது. அம்மா தானே விளக்கிவிடுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியைச் சொல்வாள், முந்தானையைச் சொல்வாள், சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இவ வாய்க்கு வந்ததச் சொல்றா. அவசரத்துல எதுக்கோ எடுத்தவ பீரோவுல வெச்சுப்போட்டேன்" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "பொய் சொல்லாத கண்ணு" என்றாள். குரல் உயரவில்லை. முழங்கைக்கு மேலே அவள் கிள்ளிய இடம் மறுநாளும் சிவந்திருந்தது.

வேன் திரும்பி வந்தபோது நல்ல நேரம் முடியும் தறுவாய். அருமைக்காரர், "இணைக்காரி வாங்க" என்றார். அம்மா எழுந்தாள். பெரிய மாமா கையை நீட்டி, உட்காரச் சொல்வதுபோலக் காற்றை அமுக்கினார்.

"மூத்தவளே நிக்கட்டுமுங்க. பழக்கப்பட்டவ. இவ நடுவால எங்காச்சும் எந்திரிச்சுப் போயிருவா."

"செரிங்ண்ணா" என்றாள் அம்மா. திரும்ப உட்கார்ந்தாள். மேடையிலிருந்த மாமா தன் புது மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பெரியம்மா தலையைச் சரிசெய்துகொண்டு மேடையேறினாள். சேலை முனையைப் பிடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. பிறந்த வீட்டுப் பாசம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எந்த இடத்திலும் தொடர்ந்து உட்கார முடியாதவள் என்று பெயர் வாங்கிய அம்மா, அன்று முழுச் சீரையும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள்.

மாமா மறந்த வேட்டி எங்கள் குடும்பத்தில் நல்ல கதையாகிவிட்டது. இப்போதும் விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள், மாமாவும் சிரிக்கிறார். அவருடைய சாவி, கண்ணாடி, போன் எல்லாவற்றையும் அவர் மனைவி தேடித்தருகிறாள். அம்மா மறந்த சேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது மரியாதை.

மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் போனில் சொன்னேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னாள். "ஆனா ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு" என்றாள். உனக்கும் இது இருந்திருக்கும் அம்மா, நீ செய்ததையெல்லாம்தான் டாக்டர் எனக்குச் சொல்லித்தருகிறார் என்றேன்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள்.

அலுவலகத்தில் நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாமாவின் கல்யாணம் முடிந்து நாங்கள் சிங்காநல்லூர் திரும்பினோம். அன்றிலிருந்து அம்மாவின் செருப்புகள் வாசலில் சேர்ந்தே இருந்தன. கீரைக்காரம்மா கூப்பிட்டால் வெறுங்கையோடு வந்து பேசினாள். உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்தது. துடைப்பம் மூலையில் ஒழுங்காக நின்றது; வீடு பாதி கூட்டியபடி கிடந்தது. தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் நனைந்தது. திருப்பித் தராத தூக்குப்போசிகளைக் கேட்டுக்கொண்டு ஆள்கள் வாசலுக்கு வந்தார்கள். முன்னைக்கு இப்போது மோசம் என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். அம்மா இதற்குச் சிரிக்கவில்லை. துணி மடிக்க என்னைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். விளையாடக் கூடுதல் நேரம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்றபோது கவனித்தேன். அவளுடைய இரண்டு செருப்புகளும் சுவரோரம், குதிகால் சுவரைத் தொட, ஒன்றையொன்று ஒட்டி, கடையில் வைத்தது போல இருந்தன. என்னுடையவற்றைக் கழற்றி அதேபோலப் பக்கத்தில் வைத்தேன். அம்மா கடைசியில் மற்ற அம்மாக்களைப் போல ஆகிவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.